வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போக்குவரத்துக் கழக அலுவலர்களுக்கு,

தென்மாவட்டங்களிலிருந்து பெங்களூரு போகும் உங்கள் பேருந்துகளில் பல, முன்பு தருமபுரி நிலையத்துக்கும் கிருஷ்ணகிரி நிலையத்துக்கும் உள்ளே வந்துதான் போகும். டீ குடிக்க, டிபன் சாப்பிட, முகம் கழுவ என்று கால் மணி நேரம் கிடைக்கும். சில மாதங்களாக அவை ஊருக்குள் வருவதில்லை. பைபாஸிலேயே போய், இரண்டு ஊருக்கும் நடுவில் நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஒரே ஒரு மோட்டலில் நிற்கின்றன. ஏன் என்று பணிமனையில் விசாரித்தேன். "பயண நேரத்தைக் குறைக்கத்தான் சார்" என்றார்கள். அந்த மோட்டலில் வண்டி அரை மணி நேரம் நிற்கிறது.

இந்த மடல் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியது. சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆறு மணி, எட்டு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து வருகிறவருக்கு வழியில் கிடைக்கும் அந்த ஒரு வேளைச் சாப்பாடு சின்ன விஷயம் இல்லை.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்துக்காரன். விதை கம்பெனியில் விற்பனை வேலை. திண்டுக்கல், நாமக்கல், சேலம், அந்தப் பக்கம் ஓசூர், கோலார் என்று சுற்றுகிற பிழைப்பு. வீட்டுச் சாப்பாட்டைவிட வெளிச்சாப்பாடுதான் அதிகம். உங்கள் வண்டியில் திண்டுக்கல்லிலிருந்து ஓசூர் போகும்போது என் சொந்த ஊரே ஜன்னலில் ஓடுகிறது. இறங்கி எங்கள் ஊர்த் தட்டையான நிப்பட் ஒன்று வாங்கக்கூட முடியாமல், அந்த மோட்டலுக்குக் கொண்டுபோய் விடப்படுகிறேன். "கொண்டுபோய் விடப்படுகிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். நாங்களாக அங்கே போகவில்லை.

அங்கே என்ன நடக்கிறது என்று உங்களில் யாராவது டிக்கெட் எடுத்து வந்து பார்த்ததுண்டா? வண்டி நின்றதும் ஒரு பையன் கம்பியால் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடுவான். தூங்குகிற குழந்தைகள் எழுந்து அழும். "எல்லாரும் இறங்கிடுங்க, வண்டியைப் பூட்டணும்" என்பார் நடத்துநர். பசியில்லாதவர்களும் இறங்கித்தான் ஆக வேண்டும். கல்லாவில் முதலில் டோக்கன். சாப்பாட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காசு போய்விடும். விலைப்பலகை வைத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இட்லி, தோசை, பரோட்டா என்ற மூன்று பெயர்களுக்கும் நேரே இருக்க வேண்டிய எண்களின் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது.

கடைசியாக அங்கே நின்றபோது எனக்கு முன்னால் ஒரு பெரியவர். கையில் சர்க்கரை மாத்திரை அட்டை. "ரெண்டு இட்லி எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். "ரெண்டெல்லாம் கிடையாது சார், செட்டு நாலு, எண்பது ரூபா" என்று பதில் வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, மோட்டல் வாசல் பெட்டிக்கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினார். 10 ரூபாய் என்று அச்சடித்த பாக்கெட்டுக்கு 15 ரூபாய். சர்க்கரை நோய்க்காரருக்கு இரவுச் சாப்பாடு க்ரீம் பிஸ்கட்.

நான் பரோட்டா வாங்கினேன். எப்போதோ போட்டு அடுக்கியது, ஓரம் விறைத்துப்போயிருந்தது. சால்னாவில் எண்ணெய் மேலே நின்றது, தண்ணீர் கீழே நின்றது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பில் கேட்டால் டோக்கனைக் காட்டுகிறார்கள். உணவகங்கள் தரும் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். பில்லே இல்லாத இடத்தில் உரிம எண்ணை எங்கே தேடுவது? வாந்தி எடுத்தால் யார் பெயரில் புகார் எழுதுவது?

20 ரூபாய்த் தண்ணீர் புட்டி அந்தப் பெட்டிக்கடையில் 30. சட்டம் தெரிந்த ஒரு பயணி சண்டை போட்டபோது, "ஓட்டல்ல கூடுதலா வாங்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு" என்று கல்லாக்காரர் மடக்கினார். 2017 இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மைதான். அது மேஜையில் உட்காரவைத்துப் பரிமாறும் ஓட்டலுக்கு, அந்தச் சேவையையும் கணக்கில் எடுத்துச் சொன்னது. வெளியே பெட்டிக்கடையில் கைநீட்டி வாங்கும் புட்டிக்கு அது பொருந்தாது. பொட்டலப் பொருளை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று 2011 ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இதில் கொடுமை என்னவென்றால், 2013 இல் இதே தமிழ்நாட்டில் அரசே பேருந்து நிலையங்களில் 10 ரூபாய்க்குக் குடிநீர் புட்டி விற்றது.

கழிவறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 10 ரூபாய். ஆண்கள் லாரிகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் வரிசையில் நின்று, உள்ளே தாழ்ப்பாள் இல்லாததால் ஒருவருக்கொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஓட்டுநர், நடத்துநர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்களுக்குத் தனி அறையில் ஆம்லெட் போகிறது என்று வண்டியில் எல்லோரும் முணுமுணுப்பார்கள். போகட்டும். ராத்திரி முழுக்க, விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் மாதிரியான இடத்தில் ஐம்பது உயிரைக் கொண்டுவந்து சேர்க்கிறவருக்கு ஒரு ஆம்லெட் தப்பில்லை. எங்கே நிறுத்துவது என்பது அவர்கள் கையிலும் இல்லை. அது நீங்கள் போட்ட உத்தரவு.

கோளாறு எங்கே என்றால், நீங்கள் உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில். மோட்டல்காரர் வண்டிக்கு இவ்வளவு என்று கழகத்துக்குப் பணம் கட்டுகிறார். அதிகம் கட்டச் சம்மதிக்கிறவருக்கு வண்டி. அந்தப் பணத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? எங்கள் தட்டிலிருந்துதான். நான் மறுபடி வருவேனா மாட்டேனா என்ற கவலையும் அவருக்கு இல்லை. என்னை அங்கே கூட்டி வருவது அவர் கைப்பக்குவம் இல்லை, உங்கள் ஒப்பந்தம். பரோட்டா விறைத்திருந்தாலும் நாளைக்கு இதே நேரம் இதே வண்டி வரும் என்று அவருக்குத் தெரியும்.

டெண்டர் நிபந்தனையில் தரம், சுகாதாரம், நியாய விலை என்றெல்லாம் எழுதித்தான் வைத்திருப்பீர்கள். நிபந்தனைகளை மாற்றுவதும் உங்களுக்குக் கஷ்டமான காரியம் இல்லை. 2021 இறுதியில் பயணவழி உணவகங்களில் சைவம் மட்டுமே சமைக்க வேண்டும் என்று ஒரு டெண்டர் நிபந்தனை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் உடனே நீக்கப்பட்டது. நல்லது. ஆனால் அப்போதும் பேச்சு சைவமா அசைவமா என்பதோடு நின்றுவிட்டது. தட்டில் விழுவது தின்கிற மாதிரி இருக்கிறதா என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை.

இதனால் எங்கள் இரண்டு மாவட்டங்களும் எதை இழக்கின்றன என்று சொல்கிறேன். இது உங்கள் கோப்பில் இருக்காது.

ஒரு ஊரில் நல்ல கடையைக் கண்டுபிடிக்க நான் போனைத் திறப்பதில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பேன். கடைக்குப் பின்னால் எச்சில் இலைத் தொட்டியை எட்டிப் பார்ப்பேன். இலையில் சோறு மிஞ்சியிருந்தால் அப்படியே திரும்பிவிடுவேன். மதியம் இரண்டு மணிக்கு "தீர்ந்துபோச்சுங்க" என்று கைவிரிக்கிற கடையை மறுவாரம் பன்னிரண்டரைக்கே போய்ப் பிடிப்பேன். இப்படிப் பிடித்தவைதான் எனக்கு மறக்காத கடைகள் எல்லாம். எதற்கும் பெரிய போர்டு கிடையாது. பலவற்றை வண்டி நின்ற கால் மணி நேரத்தில், காலை நீட்டி நடக்கப் போன இடத்தில் கண்டுபிடித்தேன்.

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சந்து இருக்கிறது. அங்கே ஒரு அக்கா களி போடுவார். நொய்யரிசி குழைந்து வந்ததும் ராகி மாவை அதன் மேல் குவித்துக் கொட்டி, கரண்டிக் காம்பால் நடுவில் ஒரு துளை போட்டு மூடிவிடுவார். அவசரப்பட்டுக் கிண்டமாட்டார். மாவு ஆவியில் வெந்து, பச்சை வாசனை போய், வறுத்த வாசனை ஒன்று சந்துமுனை வரைக்கும் வரும். அப்புறம்தான் துடுப்பு. குண்டானைக் கவைக்கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் கிண்டி, ஈரத்தட்டில் கொட்டி, கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சுடச்சுட உருட்டுவார். உருண்டை கையில் ஒட்டாமல் மேலே பளபளப்பு ஏறினால் பதம் சரி. தொட்டுக்கொள்ள, அன்றைக்குச் சந்தையில் என்ன மலிவோ அது. கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, மார்கழி தையில் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை என்றால் நாட்டுக்கோழி.

ஒருமுறை பக்கத்து இருக்கையில் வந்த ராஜபாளையத்துக்காரர் ஒருவரை அங்கே கூட்டிப்போனேன். முதல் வாய் களியை மென்று பார்த்து முகம் சுளித்தார். "மெல்லாதீங்க அண்ணே, கிள்ளி, சாறுல முக்கி, அப்படியே முழுங்குங்க" என்றார் அந்த அக்கா. பாதி உருண்டை போதும் என்று உட்கார்ந்தவர் இன்னொரு பாதி கேட்டார். நடத்துநர் விசில் அடித்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஈரக் கையோடு ஓடிவந்து வண்டி ஏறினோம். இன்றைக்கும் அவர் போனில் என்னை விசாரிப்பதற்கு முன் அந்த அக்கா கடையைத்தான் விசாரிக்கிறார். தருமபுரியில் அவருக்கு வேறு எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

கிருஷ்ணகிரியிலும் இப்படி உண்டு. பழையபேட்டைப் புளி மண்டிப் பக்கம் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிடும் ஒரு சின்ன மெஸ். மூட்டை இறக்குகிறவர்களுக்காக நடப்பது. அவர்கள் வயிறு நிறைய வேண்டும், கையில் இருப்பதற்குள் நிறைய வேண்டும். அதனாலேயே அங்கே ஏமாற்று வேலை செல்லாது. குழம்பில் புளி எவ்வளவு விட வேண்டும் என்று புளி தரம் பிரிக்கிறவர்களுக்கே சமைத்துப் போடுகிறவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாங்காய்ப் பருவத்தில் நிலையத்து வாசலில் பெங்களூரா மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்கள். வண்டி ஜன்னலுக்கே கை நீளும். நாடெங்கும் மாங்கூழ் அனுப்பும் ஊரைத் தாண்டிப் போகிறோம் என்பதே இப்போது பைபாஸ் பயணிக்குத் தெரிவதில்லை. அந்த மோட்டலில் கிடைக்கும் மாம்பழம் அட்டை டப்பாவில் அடைத்த ஜூஸ், அதுவும் விலை கூட்டி.

ஒகேனக்கல்லில் மீன் வாங்கிக் கொடுத்தால் பெண்கள் ஆற்றங்கரையிலேயே மசாலா தடவிச் சமைத்துத் தருவதையும், கிருஷ்ணகிரி அணைப்பக்கம் வரிசையாக மீன் பொரிப்பதையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை தேடிப் போகிறவர்களுக்கானவை. அவர்கள் கார் வைத்துக்கொண்டு எப்படியும் போய்விடுவார்கள். நான் சொல்வது, வேறெங்கோ போகிறவர் வழியில் எதிர்பாராமல் கண்டுபிடிக்கும் சாப்பாட்டை. கார் இல்லாதவருக்கு அந்த வாய்ப்பைத் தருவது பேருந்து நிறுத்தம் ஒன்றுதான்.

இன்னொன்று. 2023 இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. ராகி விளைகிற மண், ராகி சாப்பிடுங்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். சரி, சாப்பிடுகிறோம். அதே மண்ணின் வழியாக நாள் முழுக்கப் போகும் அரசு வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு களி உருண்டை, ஒரு டம்ளர் கூழ் கிடையாது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989 இல் முதலில் தொடங்கியது இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது இதற்குள் இருந்தது, 2004 இல்தான் பிரிந்தது. சமைக்கத் தெரிந்த, கணக்கு எழுதத் தெரிந்த, வங்கிக் கடனை ஒழுங்காகக் கட்டிய பெண்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உங்கள் டெண்டரில் அவர்களால் நுழைய முடியுமா? பத்து வண்டி நிறுத்தும் இடம், பெரிய வைப்புத்தொகை என்று கேட்டால் எப்படி நுழைவார்கள்?

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகள் எனக்குத் தெரியும். சின்னக் கடைகள் சுத்தமாக இல்லை என்பீர்கள். சில கடைகள் இல்லைதான். ஆனால் கண் முன்னால் அடுப்பு எரிகிற கடையில் என்ன எண்ணெய், என்ன தண்ணீர் என்று பார்த்துவிட்டு உட்காரலாம், பிடிக்காவிட்டால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போகலாம். மோட்டலில் அடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, பக்கத்தில் வேறு சாப்பாட்டுக் கடையும் கிடையாது. நிலையத்துக்குள் நெரிசல் என்பீர்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். சாயங்கால நேரத்தில் தருமபுரி நிலையத்துக்குள் வண்டியைத் திருப்புவது ஓட்டுநருக்குத் தண்டனை. நடுராத்திரி ஒரு மணிக்கு ஊருக்குள் எந்தக் கடை திறந்திருக்கும் என்று கேட்டால் அதுவும் நியாயம். எல்லா வண்டியும் எல்லா நேரமும் ஊருக்குள் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

நான் கேட்பது இதுதான். பகல் நேர வண்டிகள், அதாவது காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை இந்த வழியாகப் போகிறவை, பழையபடி தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி நிலையத்துக்குள் வந்து கால் மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டிலும் வேண்டாம், ஒன்றில் நின்றால் போதும். எந்த ஊரில் என்பது டிக்கெட் எடுக்கும்போதே பயணிக்குத் தெரிய வேண்டும், சர்க்கரை நோய்க்காரர்கள் மாத்திரை நேரத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

இரவு வண்டிகளுக்கு மோட்டல் இருக்கட்டும். ஆனால் அதிகப் பணம் கட்டுகிறவருக்கு என்ற முறையை எடுத்துவிடுங்கள். கட்டணத்தை நீங்களே ஒரே அளவாக வைத்துவிட்டு, சாப்பாட்டின் தரத்தையும் விலையையும் வைத்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மோட்டலுக்கு எல்லா வண்டியையும் எழுதிக்கொடுக்காமல், குறைந்தது இரண்டு மூன்று கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பாருங்கள். இரண்டு இட்லி கேட்டால் இரண்டு இட்லி தர வேண்டும். பிளாஸ்திரி ஒட்டாத விலைப்பலகை, உரிம எண்ணோடு பில், அச்சிட்ட விலைக்குத் தண்ணீர், தாழ்ப்பாளோடு இலவசக் கழிவறை. இவற்றில் எது இல்லையென்றாலும் அந்த மாதமே அங்கே வண்டியை நிறுத்துவதை விட்டுவிட வேண்டும். சரிபார்க்க வருகிற அதிகாரி ஜீப்பில் வராமல், பயணியாக டிக்கெட் எடுத்து வண்டியிலேயே வரட்டும். புகார் எண்ணை மோட்டல் சுவரில் எழுதினால் பயனில்லை, பயணச்சீட்டில் அச்சடியுங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளூர் மகளிர் குழுவுக்கு வைப்புத்தொகை இல்லாமல் ஒரு கடை ஒதுக்குங்கள். களியோ, கூழோ, நிப்பட்டோ, மாங்காய்க் கீற்றோ, அவர்கள் ஊரில் என்ன கிடைக்கிறதோ அதை விற்கட்டும்.

இந்த மடலின் நகலைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்த மோட்டலோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தனி மனுவில் கேட்டிருக்கிறேன். அதற்கு 30 நாள் கெடு உண்டு. இந்த மடலுக்கும் அதே 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பகல் வண்டிகள் ஊருக்குள் வருமா? வராது என்றால் எந்த அதிகாரி, எந்தத் தேதியில், என்ன காரணம் எழுதி அதை முடிவு செய்தார்?

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளில் இன்னும் பயணம் செய்துகொண்டிருக்கும்
காவேரிப்பட்டினத்துக்காரன்